சிரிப்புக்கும் ஒரு தராசு

சிரிக்க வைப்பதற்கென்றே எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கள் ஆட்களை ஏன் இப்படிக் காட்டினீர்கள்?" என்று ஒரு சமுதாயம் கேட்கலாமா? அப்படிக் கேட்பது நியாயமா, அல்லது சிரிக்கத் தெரியாதவர்களின் முணுமுணுப்பா?

பங்சாரிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை நடத்தும் நம்மவருக்கு இது புதிய கேள்வியன்று. இரவு கடையை அடைத்துவிட்டு மிட்வேலிக்கோ நியூ சென்ட்ரலுக்கோ போய்ப் படம் பார்த்து வருகிறோம். மறுநாள் தேநீர்க் கோப்பையோடு வாதம் தொடங்குகிறது. "சும்மா தமாஷ்தானே நானா, இதற்குப் போய்க் கோபமா?" என்கிறார் இளையவர். "தமாஷுக்கு நம் தலைதான் கிடைத்ததா தம்பி?" என்கிறார் பெரியவர். இருவர் பேச்சிலும் உண்மையுண்டு. இருவர் பேச்சிலும் குறையுமுண்டு. வாடிக்கைக்காரர் வந்து நின்றதும் வாதம் முடிவு காணாமலே நின்றுவிடுகிறது. அந்த வாதத்தைச் சற்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாவைக் கண்டு சிரிப்பது

பழைய படங்களில் அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். கதாநாயகி கண்ணீர் விட்டு ஓய்ந்த பின் விகடக்காரர் வந்து நம்மைச் சிரிக்க வைப்பார். இன்று வரும் ஒரு வகைப் படங்களில் அப்படிப் பிரித்து வைப்பதில்லை. கொலை, கடத்தல், பட்டினி, சாவு ஆகிய கொடுமைகளே அங்கே சிரிப்புக்குப் பொருளாகின்றன. ஆங்கிலத்தில் பிளாக் காமெடி என்பர். தமிழில் அவல நகைச்சுவை என்று சொல்லலாம்.

பெயர் புதிது, பொருள் பழையது. அலிபாபா கதை நமக்கெல்லாம் தெரியும். பேராசை பிடித்த அண்ணன் குகைக்குள் அகப்பட்டு வெட்டுண்டு போகிறான். துண்டான உடலைத் தைப்பதற்குச் செருப்புத் தைக்கும் தொழிலாளியைக் கண்ணைக் கட்டி அழைத்து வருகிறார்கள். இந்தப் பயங்கரத்தைத்தான் 1961ஆம் ஆண்டில் பி. ரம்லி "அலி பாபா பூஜாங் லாப்போக்" என்ற மலாய்ப் படமாக எடுத்து, கொள்ளையர் தலைவனாகத் தாமே நடித்து, நாட்டையே சிரிக்க வைத்தார். நம் பாட்டன்மாரும் சிரித்தவர்கள்தாம். ஆகவே கொடுமையைக் காட்டிச் சிரிக்க வைப்பதே தவறு என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

நகைப்பு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்று வகுத்தார் தொல்காப்பியர். இவற்றுள் பேதைமையைக் கண்டு சிரிப்பதில் பெரும்பாலும் தீங்கில்லை. பேராசைக்காரனைக் கண்டும் கஞ்சனைக் கண்டும் சிரிப்பதால் நமக்கே புத்தி வருகிறது. எள்ளல்தான் கத்தி போன்றது. கத்தி காய்கறியும் நறுக்கும், கையையும் வெட்டும். அது யார்மேல் பாய்கிறது என்பதே கேள்வி.

அவல நகைச்சுவையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சாதாரணத் தமாஷில் கேலிக்கு ஆளானவன் படம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறான். இங்கே அவன் செத்துப் போகிறான், நாம் சிரிக்கிறோம். ஒருவன் சாவில் நாம் சிரிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவனை நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது சிரிப்போடு நெஞ்சில் ஒரு முள்ளும் தைக்கும். மற்றொன்று, அவனைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்க வேண்டும். அப்போது சிரிப்புக்குச் செலவே இல்லை. இரண்டாவது சரக்கு மலிவானது. மலிவான சரக்கை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் வழக்கின் பாதி விளங்கிவிடும்.

இரண்டு படங்கள்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி விஜய் நடித்த "பீஸ்ட்" வெளிவந்தது. இயக்கியவர் நெல்சன். கோலமாவு கோகிலா (2018), டாக்டர் (2021) ஆகிய படங்களில் கடத்தலையும் கொலையையும் வைத்துச் சிரிக்க வைத்தவர் அவர். பீஸ்டில் பயங்கரவாதிகள் சென்னையில் ஒரு பேரங்காடியைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், உள்ளே அகப்பட்ட நாயகன் அவர்களைத் தீர்த்துக் கட்டுகிறான், இடையிடையே தமாஷ். படம் வருமுன்னரே தமிழ்நாட்டில் முஸ்லிம் அமைப்பொன்று தடை கேட்டது. குவைத் அரசு தன் நாட்டில் படத்தை ஓடவே விடவில்லை.

குறை எங்கே இருக்கிறது? முஸ்லிம் பெயர் கொண்டவர்கள் குற்றவாளிகளாக வருகிறார்கள் என்பது மட்டுமா? உலகில் முஸ்லிம் பெயர் கொண்ட குற்றவாளிகள் இல்லையென்று எவரும் சாதிக்க முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. சுடப்பட்டு விழுகிறவர்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பது நமக்குத் தெரிகிறது. அவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று அறிந்துகொள்ளப் படம் வழிவிடுவதில்லை. அவர்கள் விழ விழக் கொட்டகையில் கைதட்டலும் சிரிப்பும் எழுகின்றன. பெயரும் மதமும் மட்டும் போதும், ஆளே வேண்டாம் என்கிற அளவுக்கு அந்தச் சரக்கு மலிந்துவிட்டது.

இதற்கு நேர் எதிராக ஒரு படத்தைச் சொல்லலாம். 2010இல் பிரிட்டனில் கிரிஸ் மோரிஸ் எடுத்த "ஃபோர் லயன்ஸ்". வட இங்கிலாந்து நகரமொன்றில் தற்கொலைத் தாக்குதல் நடத்தக் கிளம்பும் சில முட்டாள்களின் கதை. பொருளைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. பீஸ்டைவிட இதுவே நம்மை அதிகம் புண்படுத்தும் என்று தோன்றும். ஆனால் படத்தைப் பார்த்த பல முஸ்லிம்கள் அதைத் தம்முடையதாகவே கொண்டாடினார்கள். ஏன்? தலைவன் உமருக்கு அன்பான மனைவி இருக்கிறாள், மகன் இருக்கிறான். கூட்டாளி வாஜ் குழந்தையைப் போல் வெகுளி. மற்றவர் சொன்னதையெல்லாம் நம்பிச் சாவை நோக்கி நடக்கிறான். அவன் பேச்சுக்குக் குலுங்கிச் சிரித்த நாம், கடைசியில் அவன் குழம்பி நிற்கும்போது தொண்டை அடைத்துப் போகிறோம். இன்னொன்றும் உண்டு. தாடியும் நீண்ட அங்கியுமாக மார்க்கப் பற்றோடு வாழும் உமரின் சகோதரன் எவருக்கும் தீங்கு செய்யாதவன். போலீஸ் அவன் வீட்டைத்தான் உடைத்து நுழைகிறது. உடையைப் பார்த்து ஆளை எடைபோடும் மடமையின்மேல் அந்தச் சிரிப்பு போய் விழுகிறது.

இரண்டு படங்களிலும் குண்டுகள், இரண்டிலும் முஸ்லிம் பெயர்கள், இரண்டிலும் சிரிப்பு. ஒன்றில் ஆள் இல்லை. மற்றொன்றில் ஆள் இருக்கிறான். வேறுபாடு இவ்வளவே, ஆனால் இந்த வேறுபாடு பெரிது.

எண்ணுவதும் நிறுப்பதும்

ஃபோர் லயன்ஸில் உமராக நடித்தவர் ரிஸ் அஹமத். திரையில் சிறுபான்மையோர் காட்டப்படும் விதம் பற்றி அவர் 2017இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் உரையாற்றினார். அவ்வுரையால் தூண்டப்பட்டவர்கள் 2018இல் "ரிஸ் சோதனை" என்று ஒன்றை வகுத்தார்கள். ஒரு படத்தில் முஸ்லிம் என்று அடையாளம் தெரிகிற பாத்திரம் இருந்தால் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். அவன் பயங்கரவாதத்தைப் பற்றிப் பேசுகிறவனாக, அதற்குப் பலியானவனாக, அல்லது அதைச் செய்கிறவனாக வருகிறானா? காரணமின்றிக் கோபப்படுகிறவனா? மூடநம்பிக்கையும் பிற்போக்கும் கொண்டவனா? மேலை நாட்டு வாழ்க்கைக்கு அபாயமாகக் காட்டப்படுகிறானா? ஆணாயின் பெண்களை இழிவாக நடத்துகிறவனா, பெண்ணாயின் ஆண்களால் ஒடுக்கப்பட்டவளா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் படம் தேறவில்லை.

பயனுள்ள சோதனைதான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: ரிஸ் அஹமதே நடித்த ஃபோர் லயன்ஸ் இந்தச் சோதனையில் முதற்கேள்வியிலேயே தோற்றுப் போகிறது! வெங்கட் பிரபு இயக்கி 2021 நவம்பரில் வந்த "மாநாடு" படமும் தோற்றுப் போகும். அதில் நாயகன் பெயர் அப்துல் காலிக்; சிலம்பரசன் நடித்தார். முதலமைச்சரைக் கொன்று பழியை ஒரு முஸ்லிமின் மேல் போட்டுக் கலவரம் மூட்டும் சதியில் அவன் சிக்குகிறான். சாகிறான், செத்ததும் அதே நாளின் தொடக்கத்தில் விமானத்தில் விழிக்கிறான், மறுபடியும் சாகிறான். அவன் சாவுகள் சிரிப்பூட்டுகின்றன. சதிகாரப் போலீஸ் அதிகாரியின் தவிப்பு அதைவிடச் சிரிப்பூட்டுகிறது. படம் முழுவதும் பயங்கரவாதப் பேச்சு இருக்கிறது. ஆயினும் எவ்வித அசட்டுப் பெருமையும் இல்லாமல் ஒரு தமிழ் முஸ்லிம் இளைஞன் நண்பனுக்கு உதவுகிறான், பயப்படுகிறான், யோசிக்கிறான், ஊரைக் காக்கிறான். இப்படியொரு நாயகனைத் தமிழ்ப் படத்தில் நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்?

வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துணியை முழம் போட்டு அளக்கிறோம். முட்டையை எண்ணிக் கொடுக்கிறோம். அரிசியை நிறுத்துக் கொடுக்கிறோம். எண்ண வேண்டியதை நிறுப்பதும் நிறுக்க வேண்டியதை எண்ணுவதும் கணக்கைக் கெடுக்கும். படத்தில் முஸ்லிம் எத்தனை பேர், தமிழர் எத்தனை பேர், அவர்கள் நல்லவரா கெட்டவரா என்று எண்ணுவது ஒரு கணக்கு. வருகிறவன் முழு மனிதனாக இருக்கிறானா என்பது வேறு கணக்கு. பின்னதை எண்ணிக் காண முடியாது. நிறுத்துத்தான் காண வேண்டும்.

அதற்காக எண்ணிக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் "தி சிம்ப்சன்ஸ்" என்னும் கேலிச்சித்திரத் தொடர் உண்டு. அதில் வரும் கடைக்காரர் அப்பு இந்தியர். உழைப்பாளி, சாமர்த்தியசாலி, நல்ல குடும்பஸ்தர். பெரிய கெட்டவர் அல்லர். ஆயினும் 2017இல் ஹரி கொண்டபோலு என்னும் அமெரிக்க இந்தியக் கலைஞர் அப்பாத்திரத்தைக் கேள்வி கேட்டு ஒரு விவரணப் படமே எடுத்தார். அதுவரை அப்புவுக்குக் குரல் கொடுத்து வந்த வெள்ளைக்கார நடிகர் 2020இல் விலகிக்கொண்டார். அப்பு கெட்டவராயிருந்ததா பிரச்சினை? நெடுங்காலம் அமெரிக்கத் திரையில் தெரிந்த இந்தியர் பெரும்பாலும் அவர் ஒருவரே. பள்ளிக்கூடத்தில் இந்தியப் பிள்ளை எதுவானாலும் அவனை அப்பு என்று கூப்பிட்டார்கள். ஒருவன் மட்டுமே இருக்கும்போது அவன் ஊருக்கெல்லாம் ஜாமீன் நிற்க வேண்டியதாகிறது. பத்துப் பேர் இருந்தால் ஒருவன் திருடனாகவும் ஒருவன் கோமாளியாகவும் இருந்துவிட்டுப் போகலாம். எவரும் அதைச் சமுதாயத்தின் கணக்கில் எழுத மாட்டார்கள். எண்ணிக்கையின் பயன் அதுதான்.

பாராட்டும் குறையெடையாகலாம்

நம்மவர் சிலர் கேட்பது வேறு: "எங்களை நல்லவர்களாகவே காட்டுங்கள்." இந்த வேண்டுகோளை நான் ஏற்கவில்லை. தமிழ்ப் படங்களில் நல்ல பாய்மார் வந்த காலமும் உண்டு. பீம்சிங் இயக்கிய பாவ மன்னிப்பு (1961) படத்தில் ரஹீமாக வந்த சிவாஜி கணேசன் கோடிக்கணக்கான உள்ளங்களைத் தொட்டார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த எத்தனையோ படங்களில் நல்ல பாய் ஓர் அச்சில் வார்த்த பொம்மையாகிவிட்டார். தொப்பி அணிவார், சாம்பிராணி வாசத்தோடு வருவார், ஒற்றுமையைப் பற்றி நான்கு வாக்கியம் பேசுவார், நாயகனுக்காக உயிரை விடுவார். அவருக்குக் கடன் இல்லை, கோபம் இல்லை, மாமியார் இல்லை. அவரும் எடை குறைந்த மனிதர்தாம். தூற்றுவதில் எடை குறைவது போலப் பாராட்டுவதிலும் எடை குறையும்.

தமாஷுக்கு ஆளாகவே கூடாது என்பதும் இதே தவறுதான். நண்பனை நாம் கேலி செய்கிறோம். அந்நியனை மரியாதையாக ஒதுக்கி வைக்கிறோம். ஒரு வீட்டாரின் கேலிப் பேச்சில் இடம் பெறுவது அந்த வீட்டில் இடம் பெற்றதற்கு அடையாளம். யோகி பாபு நடித்து மடோன் அஸ்வின் இயக்கிய மண்டேலா (2021) படத்தைப் பாருங்கள். முடிதிருத்தும் ஏழை ஒருவனை ஊரே ஏளனம் செய்கிறது. சொந்தப் பெயர்கூட அவனுக்கு இல்லை. தபாலாபீசுப் பெண் ஒருத்தி அவனுக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் வைக்கிறாள். வாக்குரிமை வந்ததும் அவனுடைய ஒரே வாக்கு ஊர்த் தேர்தலைத் தீர்மானிக்கும் நிலை வருகிறது. தொடக்கத்தில் ஊரோடு சேர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள், முடிவில் அவன் பக்கம் நின்று ஊரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சாதியின் மடமையைப் பத்து மேடைப் பேச்சுகள் காட்டாத அளவுக்கு அந்தச் சிரிப்பு காட்டியது. கேலியை அடியோடு தடுத்திருந்தால் இந்த நன்மையும் தடைப்பட்டிருக்கும்.

நம் நாட்டுத் திரை

மலேசியாவில் நமக்கு இதில் தனி அனுபவம் உண்டு. மலாய் சினிமா பிறந்ததே பல கைகள் சேர்ந்துதான். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவின் முதலாளிகள் சீனர்களான ஷா சகோதரர்கள். தொடக்க கால இயக்குநர்கள் பலர் இந்தியர்கள். பினாங்கில் பிறந்த ரம்லியைத் திரைக்குக் கொண்டுவந்தவர் பி.எஸ். ராஜன்ஸ், 1948இல் வந்த சிந்தா அவருடைய முதற்படம். பக்தி (1950) படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். பின்னர் ரம்லி செனிமான் பூஜாங் லாப்போக் (1961) எடுத்தபோது, ஸ்டுடியோ வாசலில் சீக்கியக் காவலாளி ஒருவரை நிறுத்தித் தமாஷ் செய்தார். ஆனால் அந்தப் படத்தில் மிகப் பெரிய கோமாளிகள் ரம்லியும் அவருடைய இரு தோழர்களும்தான். தன்னைக் கேலி செய்த பின் பிறரைக் கேலி செய்பவரிடம் கோபம் வருவதில்லை.

நம்மையே நேராகக் காட்டிய படமும் உண்டு. ஏ. ரசாக் மொகிதீன் இயக்கிய மாமி ஜாரும் (2002) பினாங்கு இந்திய முஸ்லிம் குடும்பத்தைச் சிரிப்புக்குப் பொருளாக்கியது. சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். முகம் சுளித்தவர்களுக்கும் காரணம் இருந்தது. "மாமாக்" என்னும் சொல் நம் "மாமா"விலிருந்து பிறந்தது. உறவுச் சொல் அது. ஆயினும் சில வாய்களில் அது ஏளனச் சொல்லாகவும் ஒலித்திருக்கிறது. 1801இல் நம் முன்னோர் பினாங்கில் எழுப்பிய பள்ளிவாசலின் பெயர் கப்பித்தான் கெலிங். அன்று அப்பெயரில் இழிவு இல்லை. இன்று அதே கெலிங் என்ற சொல்லை ஒருவர் நம் முகத்துக்கு நேரே வீசினால் மனம் கொதிக்கிறது. சொல் ஒன்றே, சொல்பவரின் நெஞ்சு வேறு. சிரிப்பும் அப்படியே.

மற்றொரு நிகழ்ச்சியையும் மறக்கலாகாது. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ஜகாட் (2015), தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழர்களின் வாழ்க்கையைக் காட்டிய படம். 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று ஏற்பாடு செய்யப்பட்டபோது, மலாய்க் கலைஞர்களும் சேர்ந்து அதை எதிர்த்தார்கள். விதி திருத்தப்பட்டது. சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது ஜகாட்டுக்கே கிடைத்தது. நமக்காகப் பிறர் பேசினார்கள் என்பதை நெஞ்சில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இருபுறமும் ஒரே படிக்கல்

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். தமக்கு வாங்கும்போது முழு எடை கேட்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைக் கண்டித்துத் திருமறையில் முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே இருப்பதை நாம் அறிவோம். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை ஹுஜுராத் அத்தியாயம் விலக்கியிருப்பதையும் அறிவோம். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிரிப்பிலும் எடை மோசம் உண்டு.

திரையில் நம்மைக் குறைத்துக் காட்டினால் துடிக்கிற நாம், அதே படத்தில் கறுத்த பெண்ணைக் கேலி செய்தால் சிரிக்கிறோமா இல்லையா? திருநங்கை வந்ததும் கொட்டகையோடு சேர்ந்து கூவுகிறோமா இல்லையா? சீனர் உச்சரிப்பையும் நேபாளி உச்சரிப்பையும் திரித்துக் காட்டினால் கைதட்டுகிறோமா இல்லையா? திரையை விடுங்கள். நம் கடையில் தட்டுக் கழுவும் வங்காளதேசத்துப் பையனை அவன் பெயரால் கூப்பிடுகிறோமா, அல்லது நாட்டின் பெயரால் கூப்பிடுகிறோமா? நம் பெயரைச் சுருக்கி மாமாக் என்று எவராவது ஏளனமாகக் கூப்பிடும்போது எழுகிற வலி, அவனுக்கும் எழாதா?

பெரியவருக்கு என் பதில் இது: உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் தடை கேட்பது மருந்தாகாது. தடை விதித்தால் மலிவான படம் நின்றுபோவதோடு, நமக்குத் தேவையான கூர்மையான படமும் சேர்ந்து நின்றுபோகும். ஃபோர் லயன்ஸைத் தடுக்க வேண்டுமென்று தலைப்பை மட்டும் கேட்டவர் எவரும் சொல்லிவிடலாம். இளையவருக்கு என் பதில் இது: சும்மா தமாஷ் என்று ஒன்றுமில்லை. சென்னையில் நீ பார்த்துச் சிரித்த பொம்மையின் பெயரைத்தான் நாளை வாடகை வீடு கேட்டுப் போகும் உன் தம்பியும் தாங்கிக்கொண்டு நிற்கிறான்.

நாம் செய்யக்கூடியது என்ன? படம் பார்த்து வந்த பின் மூன்று கேள்விகள் கேட்டுப் பழகலாம். செத்தவனுக்கு வீடு இருந்ததா? சிரிப்பு வலியவன்மேல் விழுந்ததா, எளியவன்மேல் விழுந்ததா? அந்த ஆளின் இடத்தில் வேறு சமுதாயத்தான் இருந்தாலும் நான் சிரித்திருப்பேனா? விடை திருப்தியாக இல்லையென்றால் வெளிப்படையாகச் சொல்வோம், எழுதுவோம், அடுத்த முறை டிக்கெட் வாங்காதிருப்போம். வியாபாரிக்கு அதைவிட வலுவான ஆயுதம் இல்லை.

அதற்கு மேலும் ஒன்றுண்டு. திரைக்குப் பின்னால் நம்மவர் முன்பே இருந்திருக்கிறார்கள். கவி கா.மு. ஷெரீப் பாட்டெழுதினார். நாடோடி மன்னனுக்கு (1958) வசனம் எழுதியவர்களில் ஒருவரான ரவீந்தர், நாகூர்க்காரரான காஜா மொய்தீன்தாம். இன்று நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் கதையெழுத வேண்டும், படமெடுக்க வேண்டும் என்று சொன்னால், "கணக்குப் படி" என்று அடக்கிவிடுகிறோம். நம் கதையை நாம் எழுதாமல் விட்டால், நம்மை அறியாதவர் எழுதுவார். அறியாதவர் எழுதினால் எடை குறையத்தான் செய்யும். கிள்ளானிலோ பங்சாரிலோ ஒரு பிள்ளை நம் கடைகளின் சண்டையையும் சமாதானத்தையும், நம் கஞ்சத்தனத்தையும் தாராளத்தையும், சிரிக்கச் சிரிக்க எழுதிக் கொண்டுவரட்டும். நம்மைக் கேலி செய்கிறானே என்று கோபப்படாமல் முதல் டிக்கெட்டை நாம் வாங்குவோம்.